பனிக்காலத்தில் காணாமற்போன கிர்ஸ்டி

மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில் நான் வழக்கமாகத் தேநீர் குடிக்கும் கடையில், ஓய்வு பெற்ற மற்றவர்களிடம் முழங்காலைப் பற்றி விசாரிப்பார்கள். என்னிடம் ஸ்கொட்லாந்தைப் பற்றி விசாரிப்பார்கள். போன மாதமும் சின்னராசா தொடங்கினான். வாழ்நாளெல்லாம் டாக்ஸி ஓட்டியவன்; பின் ஆசனத்தில் இருப்பவரின் வாயைக் கிளறும் பழக்கம் இன்னும் போகவில்லை.

"அண்ணை, வெள்ளைக்காரன்ர பூட்டன் பூட்டியைத் தேடிக் குடுத்தே நீங்கள் இஞ்ச சீவிச்சனீங்கள்?"

"ஓம்."

"உங்கட சொந்தப் பூட்டன்ர பேர் என்ன?"

"தெரியாது. அந்தாளைத் தேடித் தரச் சொல்லி ஒருத்தரும் எங்கட கந்தோருக்கு வரேல்லை."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு அவன், தன் மருமகன் ஒரு சின்னக் குழாய்க்குள் எச்சிலைத் துப்பி அனுப்பியதையும், கொஞ்ச நாளில் உலகமெல்லாம் இருந்து சொந்தக்காரர் முளைத்ததையும் சொன்னான். "இப்ப துப்பினாக் காணும் அண்ணை. நீங்கள் இவ்வளவு காலமும் தும்மினது வீண்." பழைய கடதாசித் தூசி எனக்கு ஒத்துவராது என்பது அவனுக்குத் தெரியும்.

அவன் சொன்னதில் பிழை இல்லை. அந்தக் குழாய்கள் வந்த பிறகுதான் எங்கள் கந்தோரின், அதாவது அலுவலகத்தின், மாடிப்படியில் காலடிச் சத்தம் குறைந்து, கடைசியில் நின்றே போனது. ஆனால் எச்சிலில் இரத்தம் யாரோடு சேர்கிறது என்பது மட்டும்தான் தெரியும். ஒரு மனுஷி ஏன் வீட்டுக்குத் திரும்பி வரவில்லை என்பது தெரியாது. அப்படி ஒரு மனுஷியைத் தேடிய கதையை, தேநீர்க் கடையில் சொன்னால் சின்னராசா நடுவில் புகுந்து கெடுத்துவிடுவான் என்பதால், இங்கே எழுதுகிறேன்.

இந்தத் தொழிலுக்கு என்னைக் கொண்டுவந்தது மூளை அல்ல, கண். ஊரில் ஒரு நொத்தாரிசின் கந்தோரில் காணி உறுதிகளுக்குப் பிரதி எழுதியவன் நான். கோழி கிளறியது போன்ற எழுத்தையும் வாசிப்பேன். மொன்றியலுக்கு வந்து கோப்பை கழுவி, பெட்டி அடுக்கி, என் பிள்ளையின் வயதுள்ள ஆசிரியையிடம் பிரெஞ்சு வகுப்பில் திட்டு வாங்கிய ஆண்டுகளை இந்த ஒரு வரியோடு முடிக்கிறேன். அவை அதற்கு மேல் மரியாதை கேட்கவும் இல்லை.

பழைய கையெழுத்து வாசிக்கத் தெரிந்த ஆள் தேவை என்ற அறிவித்தலைப் பார்த்துத்தான் மடம் லவொயே என்ற அம்மாவிடம் போனேன். சப்பாத்து தைக்கும் கடை ஒன்றின் மேலே இரண்டு அறைகள். கனடாவுக்குக் கப்பலேறி வந்த ஸ்கொட்லாந்துக்காரரின் சுவடுகளைத் தேடிக் கொடுக்கும் கந்தோர் அது; அதில் ஸ்கொட்லாந்துக்காரர் ஒருவரும் இல்லை. முதலாளி கியூபெக் நாட்டுப்புறத்துப் பிரெஞ்சுக்காரி, எழுதுவினைஞன் யாழ்ப்பாணத்தான். இரண்டு பக்கமும் சொந்தக்காரர் இல்லாததால் பொய் சொல்லும் ஆசை வராது என்பது மடத்தின் கணக்கு.

அவர் என் முன்னால் ஒரு பழைய ஞானஸ்நானப் பதிவின் படியை வைத்தார். வாசித்தேன். கடைசியில், "நாளைக்கு வாங்கோ. வரேக்க ரெண்டு காலுக்கும் ஒரே நிறத்தில சொக்ஸ் போட்டுக்கொண்டு வாங்கோ" என்றார். எனக்குக் கிடைத்த நியமனக் கடிதம் அதுதான். (அவர் பேசியது பிரெஞ்சு. என் நினைவில் எல்லோரும் யாழ்ப்பாணத் தமிழில்தான் பேசுகிறார்கள். வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.)

மடம் உயரமானவர். கேட்கும்போது நிற்பார், பேசும்போது மட்டும் உட்காருவார். எங்கள் கந்தோரில் 'ஒருவேளை' என்ற சொல்லுக்கு இடமில்லை. நான் ஒரு பக்கத்தை வாசித்து, "இவர் அவரின்ர தம்பியா இருக்கலாம்" என்றால், அவர் கையில் இருக்கும் பென்சில் அந்தரத்தில் நின்றுவிடும். 'தம்பி' என்றோ 'தெரியாது' என்றோ நான் திருத்தும் வரைக்கும் கீழே இறங்காது. தேடிய முடிவைத் தொலைபேசியில் சொல்ல மாட்டார். வந்தவரை உட்கார வைத்து, முதலில், "வீட்டுக்கு என்னெண்டு போகப் போறியள்?" என்று கேட்பார். மெட்ரோ என்றால் உடனே சொல்வார். தானே கார் ஓட்டி வந்தவர் என்றால், முடிவைச் சொன்ன பிறகு தேநீர் போட்டுக் கொடுத்து நெடுநேரம் மறித்து வைப்பார். முடிவு ஒரே வாக்கியம். சொன்னதும் இரண்டு உள்ளங்கைகளையும் மேசையில் விரித்து வைத்து வாயை மூடிக்கொள்வார். அந்த மௌனத்தில் எனக்குத்தான் வியர்க்கும். ஏதாவது பகிடி விட வாய் உன்னும். ஒருநாள் விட்டும் விட்டேன். அன்று பின்னேரம் அவர் சொன்னார்: "மிஸ்யூ சிவம், அந்த இடம் அவையின்ர. நீங்கள் போய் அதில பாய் விரிக்காதேங்கோ."

வருபவர்கள் கொண்டுவருவது பெரும்பாலும் முன்தாள் கிழிந்த ஒரு வேதாகமம், யாரென்று தெரியாத ஒரு புகைப்படம், ஒரு குடும்பக் கதை. அதற்கப்பால் சுவர். ஸ்கொட்லாந்தின் மலைநாட்டுப் பக்கத்தில் ஆண்களெல்லாம் டொனால்ட், பெண்களெல்லாம் கிறிஸ்டினா. எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு ஒரு சிவலிங்கம் இருப்பது போல. பெயரை வைத்துத் தேடினால் பைத்தியம் பிடிக்கும். மடம் எனக்குச் சொல்லித் தந்த வழி இரண்டு. ஒன்று, ஆளை விட்டுப் பக்கத்து வீட்டுக்காரரைத் தேடுவது; ஊரோடு கப்பலேறியவர்கள் ஊரோடுதான் குடியேறுவார்கள். இது எனக்கு உடனே விளங்கியது. எங்கள் ஆட்கள் நிறைந்த ஸ்கார்பரோவில் ஒருவரைத் தேடுவதென்றால் நாங்களும் மேல்வீட்டில் யார் என்றுதானே கேட்கிறோம். மற்றது, பிள்ளைகளின் பெயர் வரிசை. மூத்த மகனுக்குத் தகப்பனின் தகப்பன் பெயர், மூத்த மகளுக்குத் தாயின் தாய் பெயர், இப்படி ஒழுங்கு உண்டு. கடதாசி எரிந்தாலும் பெயர்கள் பிள்ளைகளின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஒரு பல் வைத்தியர் ஸ்கொட்டிஷ் பாவாடை கட்டிக்கொண்டே படியேறி வந்தார். தன் மூதாதை ஒரு குலத்தலைவன் என்பது அவருக்கு முன்னமே முடிவாகியிருந்தது. கிடைத்தது, கரையோரத்தில் மீன் வெட்டிய, பிள்ளைக்குத் தகப்பன் பெயர் சொல்லாத ஒரு பெண். அவர் காரில் வந்திருந்ததால் மடம் மூன்று தரம் தேநீர் ஊற்றினார். இறங்கிப் போகும்போது அந்தப் பாவாடையின் மடிப்புகளைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. ஆனால் இப்படியானவை சிரித்து மறக்கலாம். மறக்க முடியாமல் இருப்பது மிஸிஸ் மன்ரோ.

அவர் தடியூன்றி, உதட்டுக்குச் சிவப்புச் சாயம் பூசி, ஒரு வசந்தகாலத்தில் வந்தார். எண்பதைத் தாண்டியவர். என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீர்தானோ ஸ்கொட்லாந்துப் பகுதிக்குப் பொறுப்பு?" என்றார்.

"ஓம் மடம். வெயிலுக்க நிண்டு தேடினதில கொஞ்சம் கறுத்துப்போனன்."

விழுந்து விழுந்து சிரித்தார். அந்த நிமிடத்திலிருந்து நாங்கள் கூட்டாளிகள்.

அவர் தேடியது தன் பூட்டியை, அதாவது கொள்ளுப்பாட்டியை. பெயர் கிறிஸ்டினா, வீட்டில் கிர்ஸ்டி. புருஷன் டொனால்டோடும் பிள்ளைகளோடும் கப்பலில் வந்து, துறைமுகத்துக்குக் கிட்ட குடியிருந்தவள். டொனால்ட் குதிரை வண்டியில் சாமான் ஏற்றியவன். ஒரு பனிக்காலத்தில் கிர்ஸ்டி பிள்ளைகளை விட்டுவிட்டுப் பனிக்குள் இறங்கிப் போனாள், திரும்பி வரவில்லை. குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்பட்ட கதை அது. எங்கே போனாள், யாரோடு வாழ்ந்தாள் என்பதுதான் மிஸிஸ் மன்ரோவுக்கு வேண்டும்.

"எங்கட குடும்பத்தில பொம்பிளையள் எழும்பிப் போறவை," என்றார், எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் சுருட்டை முடி என்று சொல்வது போல. "நானும் போனனான். மகள் பள்ளிக்கூடம் விட்டு வாறதுக்கு முன்னம் கல்கரிக்கு ரெயில் ஏறீட்டன். வயசு போனாப் பிறகுதான் திரும்பி வந்தனான்."

மடம் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"மகள் ஆத்துக்கு அங்கால லொங்குய்யில இருக்கிறாள். ஹெலன். இவ்வளவு காலமும் நத்தாருக்கு ஒரு கார்ட் மட்டும் வரும். இப்ப, வாற வருசம் ஈஸ்டருக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வாறன் எண்டு சொல்லியிருக்கிறாள். என்னத்தைக் கேக்கப் போறாள் எண்டு எனக்குத் தெரியும். ஏன் போனீங்கள் எண்டு கேப்பாள். பதிலுக்கு அந்த மேசையில வைக்க எனக்கு ஒரு ஆள் வேணும். இஞ்ச பார், என்ர பூட்டியும் போனவ, அவ போய் நல்லா வாழ்ந்தவ, உதெல்லாம் எங்கட இரத்தம் எண்டு."

ஈஸ்டருக்கு ஒரு வருடம் இருந்தது. மிஸிஸ் மன்ரோவின் பூட்டியை நான் உயிரோடு தேடினேன். ஒன்ராறியோவில் தேடினேன், பொஸ்ரனில் தேடினேன், பண்ணைகளில், தையற்கடைகளில், மறுமணப் பதிவுகளில் தேடினேன். கிர்ஸ்டியின் ஊரிலிருந்து ஒரே கப்பலில் வந்த பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரையும் கண்டுபிடித்தேன். ஒருவரிடமும் அவள் போகவில்லை. சாப்பாட்டு மேசையிலும் அவளையே யோசித்துக்கொண்டிருந்தால் வீட்டில் சும்மா விடுவார்களா?

"இஞ்சருங்கோ, ஆரந்த கிர்ஸ்டி?" என்றாள் என் மனைவி. "நித்திரையிலயும் சொல்லுறியள்."

"நூற்றைம்பது வயசு ஆள் அப்பா."

"அப்ப சரி. சோத்தைத் தின்னுங்கோ. செத்த வெள்ளைக்காரியளோட குடும்பம் நடத்துற மனுசனுக்கு நான் வாழ்க்கைப்பட்டிருக்கிறன்."

கடைசியில் தூரத்தில் தேடியது உள்ளூரிலேயே கிடைத்தது. நவம்பரில் கிர்ஸ்டியின் கடைசிக் குழந்தைக்கு ஞானஸ்நானம். அடுத்து வந்த பெப்ரவரியில் டொனால்ட், பக்கத்துத் தெரு விதவை ஒருத்தியை மணக்கிறான்; தன்னை மனைவி இழந்தவன் என்று சொல்லியிருக்கிறான். மே மாதத்தில், வண்டிக்காரன் டொனால்டின் மனைவி கிறிஸ்டினா அடக்கம் செய்யப்படுகிறாள். அந்தப் பாதிரியார் இறந்த நாளை விட்டுவிட்டு அடக்க நாளை மட்டும் எழுதும் சோம்பேறி.

பெப்ரவரியில் புருஷன் பொய் சொல்லி மறுமணம் செய்கிறான். கிர்ஸ்டியோ மே வரைக்கும் இதே நகரத்தில் எங்கேயோ தன் பாட்டில் வாழ்ந்திருக்கிறாள்! அதற்கு மேல், டொனால்ட் இரண்டாவது மனைவிக்குப் பிறந்த முதல் மகளுக்குக் கிறிஸ்டினா என்று பெயர் வைத்திருந்தான். ஓடிப்போனவளை மறக்க முடியாத பாவி என்று அவனுக்காகவும் இரங்கினேன். மிஸிஸ் மன்ரோ துள்ளிக் குதிப்பார் என்று நினைத்து, மடத்தின் அறைக்குள் பாடாத குறையாகப் போனேன்.

மடம் எல்லாவற்றையும் நின்றபடி கேட்டார். பிறகு உட்கார்ந்தார்.

"அந்தப் பதிவில தை மாசி மாசங்களில எத்தினை பேரை அடக்கியிருக்கினம்?"

"பெரிசா இல்லை மடம்."

"மே மாசத்தில?"

"கனபேர். பக்கம் பக்கமா."

"அது ஏன் எண்டு யோசிச்சனீங்களோ?"

யோசித்திருந்தேன். வருடக்கணக்காகப் பார்த்து, ஒரு விளக்கமும் வைத்திருந்தேன். கியூபெக்காரர் குளிரையெல்லாம் பல்லைக் கடித்துத் தாங்கிக்கொண்டு, வெயிலைக் கண்ட சந்தோஷத்தில் இதயம் நின்று போகிறார்கள் என்பது என் ஆராய்ச்சி. அதை வாய்விட்டும் சொன்னேன்.

மடம் சிரிக்கவில்லை. "பனிக்காலத்தில நிலம் கல்லு. மண்வெட்டி இறங்காது. அந்தக் காலத்தில மாரிக்குளிரில செத்தவையை மயானக் கரையில இருக்கிற கல்லறைக்கட்டிடத்தில அடுக்கி வைச்சு, நிலம் இளகினாப் பிறகுதான் தாட்டவை. என்ர அப்பாவின்ர அப்பாவும் மார்கழியில இருந்து சித்திரை வரைக்கும் அதுக்க கிடந்தவர்."

செத்தவரை அன்றைக்கே, மிஞ்சினால் மறுநாள், எரித்துவிட்டு வந்து குளிக்கிற ஊரில் பிறந்தவனுக்கு, ஒரு பிரேதம் ஒரு பருவம் முழுக்கக் காத்துக் கிடக்கும் என்று எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருவார்கள்?

"பேரையும் பாருங்கோ," என்றார். "அவையின்ர வழக்கத்தில, ரெண்டாந்தாரத்துக்குப் பிறக்கிற மூத்த பெட்டைக்குச் செத்துப்போன மனுசியின்ர பேரைத்தான் வைப்பினம். ஓடிப்போனவளின்ர பேரை எந்தப் பொம்பிளை தன்ர பிள்ளைக்கு வைக்க விடுவாள்?"

டொனால்ட் பொய் சொல்லவில்லை. கிர்ஸ்டி பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு மார்கழியிலோ தையிலோ செத்திருக்கிறாள். பிள்ளைகள் கண்டது ஒரு சறுக்குவண்டி வந்து அம்மாவைப் பனிக்குள் ஏற்றிக்கொண்டு போனதை மட்டும். குழி இல்லை, புதைகுழிக்கு முன்னால் நின்று அழுத நினைவு இல்லை. மே மாதம் மண் இளகியபோது வீட்டில் புது அம்மா சமைத்துக்கொண்டிருந்தாள். யாரும் பிள்ளைகளைக் கூட்டிப்போகவும் இல்லை, சொல்லவும் இல்லை. அம்மா பனிக்குள் போனாள், வரவில்லை. குழந்தைகள் கண்டதைத்தான் சொன்னார்கள். அது பேரப்பிள்ளைகளிடம் வரும்போது வேறு கதையாகிவிட்டது.

"மடம், ஈஸ்டருக்கு முன்னம் இதைச் சொன்னா அந்தக் கிழவிக்கு ஒண்டும் மிஞ்சாது," என்றேன். "பதிவுகள் முடிஞ்சுபோச்சு, தெரியாது எண்டு சொல்லுவமே?"

பென்சில் அந்தரத்தில் நின்றது. "தெரியாதோ?"

"தெரியும்."

"நீங்கள்தான் அவவைக் கண்டுபிடிச்சனீங்கள். நீங்களே போய்ச் சொல்லுங்கோ."

பங்குனி மாதம், மொன்றியல் தீவின் மேற்கு முனைக்கு, சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவுக்கு பஸ்ஸில் போனேன். மிஸிஸ் மன்ரோ இருந்த முதியோர் இல்லத்தின் யன்னலுக்கு வெளியே ஆறு இன்னும் பாதி உறைந்திருந்தது. என்னைக் கண்டதும், "வாரும் குலத்தலைவரே," என்று கைதட்டினார். வீட்டுக்கு எப்படிப் போவீர்கள் என்று அவரிடம் கேட்க முடியாது. அவர் போவதற்கு வேறு வீடு இல்லை.

ஒரே வாக்கியத்தில் சொன்னேன். "உங்கட பூட்டி எங்கயும் போகேல்லை, அந்த மாரியில செத்துப்போனவ, மே மாசம் தாட்டவை." பிறகு மடத்தைப் போல உள்ளங்கைகளை விரிக்கப் பார்த்தேன். மேசை இல்லாததால் என் முழங்கால்களின் மேல்தான் விரிக்க முடிந்தது.

அவர் காரணம் கேட்டார், நான் நிலத்தையும் பெயரையும் சொன்னேன். ஒவ்வொன்றாகக் கேட்டார். கேள்விகள் முடிந்ததும் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போனவ எண்டு ஒரு துண்டில எழுதித் தாரும்."

"ஏலாது மடம்."

"சரி, தெரியாது எண்டாவது எழுதும். ஒரு கிழவிக்காக."

என் வாய் நிறையப் பகிடி வைத்துக்கொண்டு திரியும் ஆள் நான். அன்று ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

"அப்ப போனது நான் மட்டும்தான்," என்றார். உதட்டுச் சாயத்தைக் கைக்குட்டையால் மெதுவாகத் துடைத்தெடுத்தார். "போம். பஸ் தவறப்போகுது."

ஈஸ்டர் முடிந்த கிழமையில் கந்தோருக்கு மிஸிஸ் மன்ரோவின் மகளிடமிருந்து ஒரு அழைப்பு வந்தது. ஹெலன். குரலில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது.

"அம்மாவுக்கு நீங்கள் என்ன சொன்னனீங்கள்? சாப்பாட்டுக்கு வரவேண்டாம் எண்டு நேர்ஸிட்டச் சொல்லி விட்டிருக்கிறா. தன்னட்டச் சொல்ல இப்ப ஒண்டும் இல்லையாம்."

முடிவு அதைக் கேட்டு வந்தவருக்கு மட்டுமே சொந்தம் என்பது எங்கள் கந்தோர்ச் சட்டம். "அதை நீங்கள் அம்மாவிட்டத்தான் கேக்க வேணும்," என்றேன்.

"எனக்கு ஒரு காரணமும் வேண்டாம் மிஸ்யூ. அவ ஏன் போனவ எண்டு நான் கேக்கவே இருக்கேல்லை. பக்கத்தில இருந்து ஒருநேரம் சாப்பிடுவம் எண்டுதான் வேலைக்கு லீவு போட்டனான்."

பிறகு நான் சட்டத்தில் இல்லாத ஒன்றைச் சொன்னேன்.

"நேர போங்கோ."

"கூப்பிடாம என்னெண்டு போறது?"

"எங்கட ஆக்கள் சொல்லிப்போட்டுப் போறேல்லை. கதவைத் தட்டுவம். இந்தப் பக்கம் ஒரு அலுவலா வந்தனான், அப்பிடியே எட்டிப் பாத்தனான் எண்டு சொல்லுவம்."

"சென்ட்-ஆனில எனக்கு என்ன அலுவல்? அது தீவின்ர நுனி. அதுக்கங்கால தண்ணிதான்."

"பொய் எண்டு அவவுக்கு உடன விளங்கும். விளங்கட்டும்."

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து மறுபடியும் கூப்பிட்டார். போயிருந்தாராம்.

"என்ன சொன்னவ?"

"ஒண்டும் சொல்லேல்லை. என்ர கோட்டைக் கழட்டித் தரச் சொன்னவ. குடுத்தன். மடியில வைச்சுத் தடவிக்கொண்டே இருந்தவ. சூப் வந்தது, நான் குடிச்சன், அவ குடிக்கேல்லை. நேரம் போகுது எண்டு எழும்பினாப் பிறகும் கோட்டைத் தரேல்லை. ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சுக்கொண்டிருந்தவ. நேர்ஸ் வந்து விரலைப் பிரிக்கப் பாத்தவ. நான் வேண்டாம் எண்டிட்டன்."

"பேந்து?"

"கோட்டை அவவிட்ட விட்டிட்டு வந்திட்டன். அண்டைக்கு நல்ல குளிர். லொங்குய் வந்து சேரும் மட்டும் பல்லுக் கிடுகிடுத்தது."

"இனி அதை எடுக்கப் போவியள்தானே?" என்று கேட்டேன்.

நான் என் இரண்டு உள்ளங்கைகளையும் மேசையில் விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"தெரியேல்லை," என்றார். "என்னட்ட வேற கோட்டு ஒண்டு இருக்குது."